பத்து பாயின்ட்டுக்கு ஒரு இஸ்திரி வண்டி

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.]



நான் இருக்கிற இடம் மேனாம்பேடு. "எங்க இருக்கீங்க"ன்னு கேட்டால் மேனாம்பேடுன்னு சொல்வேன். உடனே, "கோயம்பேடா? மார்க்கெட் பக்கமா?" என்பார்கள். இல்லைங்க, அது வேற பேடு. அம்பத்தூர் பக்கம். எஸ்டேட் தெரியும்ல, அங்கிருந்து உள்ளே வரணும். அப்புறம் "ஓ, அம்பத்தூரா" என்று முடித்துவிடுவார்கள். அதனால் இன்றைக்கு ஒரு எபிசோடாவது மேனாம்பேடு பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

இன்றைய விஷயம் இதுதான். கேம், ஆப், பாயின்ட், பேட்ஜ் இதையெல்லாம் வைத்து ஒரு ஊர்க்காரரைத் தன் ஊர் வேலைக்குள் இழுக்க முடியுமா? நிறைய பேர் கேட்டிருந்தீங்க. "ரீல்ஸ் பார்க்கிற நேரத்துல பாதி நேரம் தெருவைப் பார்த்தா ஊர் திருந்திடும், அதையும் ஒரு கேம் மாதிரி பண்ணிட்டா என்ன?" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். என் தெருவில், என் யோசனையில். அதில் ஒரு தப்பு நடந்தது. அந்தத் தப்பைச் சொல்லாமல் இந்த எபிசோடை என்னால் பேச முடியாது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி.

ஏன் இந்த ஆசை வந்தது

சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. சென்னையில் வாக்குப்பதிவு எவ்வளவு தெரியுமா? 43.6 சதவீதத்துக்கும் ஒரு துளி குறைவு. மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டபோது, தலைநகரத்தில் பாதிப்பேர் கூட வெளியே வரவில்லை.

உடனே "சென்னைக்காரங்களுக்குப் பொறுப்பில்ல" என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்பத்தூர் தனி நகராட்சியாக இருந்தது. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அந்த வருடமே தேர்தல் நடந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-ல். நடுவில் ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலரே கிடையாது. 2011-ல் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எனக்கு வேலை கிடைத்து, பைக் வாங்கி, அதற்கு இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருந்தேன். வார்டு என்பது என்ன, அங்கே யாரிடம் என்ன கேட்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பழக்கமே ஆகவில்லை.

பழக்கம் என்கிற வார்த்தையைக் கவனிங்க. கேம் செய்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த வார்த்தை அது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு மொபைல் கேம் கம்பெனியில் டெஸ்டர். கேமில் எங்கே ஓட்டை இருக்கிறது, ஆடுகிறவர் எங்கே ஏமாற்றுவார் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒருவரைத் தினமும் திரும்ப வரவைப்பது எப்படி என்று பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அந்த மூளையில் கொஞ்சம் தெருவுக்குக் கொடுத்தால் என்ன என்பதுதான் என் ஆசை.

இது வெற்றிகரமாக நடந்த இடங்களும் இருக்கின்றன. மூன்று சொல்கிறேன்.

ஒன்று, லண்டன். 2009-ல் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் போலிச் செலவுக் கணக்கு காட்டிய விவகாரம் வெடித்தது. நாடாளுமன்றம் ரசீதுகளை வெளியிட்டது. நான்கரை லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள். எந்தப் பத்திரிகை ஆபீஸும் அதை உட்கார்ந்து படிக்க முடியாது. கார்டியன் பத்திரிகை என்ன செய்தது? எல்லாவற்றையும் இணையத்தில் போட்டு, ஒரு பக்கத்தைப் பார், இதில் ஏதாவது இருக்கா இல்லையா என்று ஒரு பட்டனை அழுத்து, அடுத்த பக்கத்துக்குப் போ என்றது. எவ்வளவு முடிந்திருக்கிறது என்று மேலே ஒரு பட்டை காட்டும். அவ்வளவுதான். முதல் 80 மணி நேரத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 1,70,000 பக்கங்களைப் பார்த்து முடித்தார்கள். எம்.பி.யின் போட்டோவைப் பக்கத்தில் வைத்ததும் இன்னும் வேகம் கூடியதாம். மனித மனம்!

இரண்டு, நைரோபி. மைன்கிராஃப்ட் உங்களுக்குத் தெரியும், கட்டம் கட்டமாக அடுக்கி உலகத்தையே கட்டுகிற கேம். அதைச் செய்த மோஜாங் கம்பெனியும் ஐ.நா.வின் யு.என். ஹாபிடாட் அமைப்பும் 2012-ல் பிளாக் பை பிளாக் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இருக்கிறவர்கள், தங்கள் பகுதியின் பொது இடம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த கேமிலேயே கட்டிக் காட்டினார்கள். கட்டட வரைபடம் படிக்கத் தெரிய வேண்டாம். "இங்க விளக்கு வேணும், இங்க பெஞ்ச் வேணும்" என்று ஒரு பிளாக்கை வைத்தால் போதும்.

மூன்றாவது நம்ம ஊர். 2015 டிசம்பர் வெள்ளம். எந்த ரோட்டில் தண்ணீர், எந்த ரோட்டில் போகலாம் என்று யாருக்கும் தெரியாத நேரம். அருண் கணேஷ் என்பவர், அப்போது மேப்பாக்ஸில் இருந்தவர், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்கிற பொது வரைபடத்தை வைத்து ஒரு பக்கம் செய்தார். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா? வரைபடத்தில் அந்தத் தெருவைத் தொடுங்க, நிறம் மாறும். ஃபார்ம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. சில நாளில் 2,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. நகரமே தன்னைத்தானே வரைந்துகொண்ட மாதிரி.

இந்த மூன்றுக்கும் ஒரு பொதுவான குணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. "ஈசியா இருந்தா, ஜாலியா இருந்தா ஆள் வரும்" என்பதை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பிங்கோ

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் முட்டிக்கு மேல். கீழ் வீட்டு ஆயாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். இங்கே தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரி, அங்கிருந்து ரெட்டேரி என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் போகிற நிலம் இது. நடுவில் நாம் வீடு கட்டியிருக்கிறோம். தண்ணீருக்குப் பழைய வழி ஞாபகம் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை.

அதனால் 2024 செப்டம்பரில், மழைக்கு முன்னாடி, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேம் போட்டேன். பிங்கோ. நான்குக்கு நான்கு, பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிரச்சனை: மூடி இல்லாத வடிகால் குழி, மண் அடைத்த சல்லடை, எரியாத தெருவிளக்கு, கை எட்டும் உயரத்தில் தொங்குகிற ஒயர், திறந்து கிடக்கிற ஈ.பி. பெட்டி, இப்படி. போட்டோ எடுத்து லொகேஷனோடு குரூப்பில் போட்டால் ஐந்து பாயின்ட். ஒரு வரிசை முடித்தால் போனஸ். ஜெயிக்கிறவருக்கு என் செலவில் பிரியாணி.

பதினாறு கட்டம் நிரப்ப வேண்டும், எனக்குப் பதினைந்துதான் தோன்றியது. பதினாறாவதாக "நடைபாதை ஆக்கிரமிப்பு" என்று எழுதினேன். கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கட்டும் என்று அதற்குப் பத்து பாயின்ட் வைத்தேன்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இதை நினைவில் வெச்சுக்கோங்க.

முதல் வாரம் பிரமாதம். எட்டாவது படிக்கிற பையனிலிருந்து காலேஜ் பெண்கள் வரை பத்துப் பதினைந்து பேர் சாயங்காலமானால் போனோடு கிளம்பிவிட்டார்கள். "குட் மார்னிங்" ரோஜாப்பூ மட்டுமே வந்துகொண்டிருந்த குரூப்பில் வடிகால் படங்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாரம் ஓட்டை தெரிய ஆரம்பித்தது. ஒரே குழியை ஏழு பேர், ஏழு கோணத்தில் எடுத்திருந்தார்கள். ஒருவன், பெயர் வேண்டாம், நல்ல சல்லடைமேல் இலையைப் போட்டு மூடிவிட்டு "அடைப்பு" என்று படம் எடுத்திருந்தான். டெஸ்டராக இருந்துகொண்டு எனக்கே சிரிப்பு வந்தது. பாயின்ட் எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் விளையும். போட்டோவுக்குக் கொடுத்தால் போட்டோ விளையும். தெரு அப்படியே இருக்கும்.

மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது.

மரத்தடி காலியாக இருந்தது

எங்கள் தெருமுனையில் ஒரு பூவரச மரம். அதன் கீழே ஒரு இஸ்திரி வண்டி. நான் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட காலத்திலிருந்து அந்த அண்ணன் அங்கேதான். கரிப்பெட்டி, வண்டி, வண்டிக்கு அடியில் ஒரு ரேடியோ. எஸ்டேட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்குத் துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எட்டாவது படிக்கிற பையன் வண்டியைப் படம் எடுத்துப் போட்டான். "நடைபாதை ஆக்கிரமிப்பு, பத்து பாயின்ட்." கீழே நான்கு பேர் கைதட்டுகிற எமோஜி. அதில் ஒன்று என்னுடையது. பிங்கோவில் கடினமான கட்டத்தை முடித்துவிட்டானே என்று கை தட்டினேன். படத்தில் இருப்பது யார் என்று மனசில் பதியவே இல்லை.

அந்தப் படத்தை யாரோ எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். யார், எந்த இடத்துக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மரத்தடி காலி. தரையில் கரி கொட்டின கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. யாரோ வந்து வண்டியை எடுக்கச் சொன்னார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவன் அழுதிருந்தான். அவன் போட்டிருந்த சட்டையே அந்த அண்ணன் தேய்த்துக் கொடுத்தது. நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். "நீ தப்பு பண்ணலடா, கேம்தானே" என்று. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணா, நீங்கதானே அதுக்குப் பத்து பாயின்ட் வெச்சீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

நம்ம வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள். ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கொத்தினால் பாவம். சின்ன வயதில் தாயத்தை உருட்டுகிறவன்தான் ஆட்டக்காரன் என்று நினைத்தேன். எந்தக் கட்டத்தில் பாம்பு இருக்க வேண்டும் என்று ஒருவர் முதலிலேயே வரைந்து வைத்திருக்கிறார் இல்லையா? பதினாறாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று நான் ஒரு பாம்பை வரைந்தேன். அது போய் அந்த அண்ணன் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அவரைத் தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளி, ஒரு காம்பவுண்டு சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தார். நிழல் இல்லை. செப்டம்பர் வெயிலில் கரிப்பெட்டியோடு நிற்பது எப்படி இருக்கும் என்று நினைச்சுப் பாருங்க. நடந்ததைச் சொன்னேன், என் கட்டம்தான் காரணம் என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"தம்பி, உங்க பசங்க குழி குழியா போட்டோ எடுத்தாங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன். அதுல தண்ணி வாங்குற குழி ரெண்டுதான். மீதியெல்லாம் மேட்டுல கீது. மழையன்னிக்கு நான் அங்கதானே நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவர் குரூப்பில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். தெருவில் காலை ஆறு முதல் இரவு எட்டு வரை நிற்கிற ஒரே மனிதர், தெருவைப் பற்றிய விளையாட்டில் ஆட்டக்காரர் இல்லை. படத்துக்கு உள்ளே இருக்கிற பொருள்.

விதியை மாற்றினோம்

ஒரு தகவல் இங்கே சொல்ல வேண்டும், எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. 2014-ல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. தெருவில் பொருள் விற்பவர் மட்டுமில்லை, மக்களுக்குச் சேவை செய்கிறவரும் அதில் வருவார். முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதுவரை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதாவது நான் "ஆக்கிரமிப்பு" என்று ஒரே வார்த்தையில் எழுதிப் பத்து பாயின்ட் போட்ட விஷயத்துக்கு, நாடாளுமன்றம் ஒரு முழுச் சட்டம் எழுதியிருக்கிறது. என் கட்டத்துக்குள் அதற்கு இடமில்லை.

தெருவில் ஒரு கடிதம் எழுதினோம். "இவர் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை, எங்களுக்கு வேண்டியவர்" என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். அந்தப் பையன்தான் பேனா பிடித்துக்கொண்டு கூட வந்தான். பாயின்ட் இல்லாமலே.

பிங்கோவைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தோம். மூன்றே விதி.

முதல் விதி: மனிதரைப் படம் எடுக்கக் கூடாது. மனிதரின் வண்டி, கடை, வீட்டு வாசல் எதுவும் கூடாது. பொருளை மட்டும். அதுவும் பொதுப் பொருளை மட்டும்.

இரண்டாவது விதி: தனி ஆளுக்குப் பாயின்ட் கிடையாது. ஜோடியாகத்தான் ஆட வேண்டும். ஒருவரிடம் போன் இருக்க வேண்டும், இன்னொருவர் ஐம்பது வயதுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது இந்தத் தெருவில் நாள் முழுக்க வேலை செய்கிறவராக இருக்க வேண்டும். அவர் கை காட்டுவதைத்தான் இவர் குறிக்க வேண்டும்.

மூன்றாவது விதி: படத்துக்குப் பாயின்ட் இல்லை. அந்தக் குழி சரியாகி, தண்ணீர் இறங்குவதை வேறு ஒரு ஜோடி போய்ப் பார்த்து "ஆமா" என்று சொன்னால்தான் பாயின்ட். அதுவும் தெரு முழுக்கச் சேர்த்து ஒரே கணக்கு. மளிகைக் கடை ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டினோம். தெருவின் படம், குழிகள், சிவப்பு ஸ்கெட்ச், பச்சை ஸ்கெட்ச். போன் இல்லாதவரும் பால் வாங்க வரும்போது பார்க்கலாம்.

சுவாரசியம் குறைந்துவிடும் என்று பயந்தேன். ஆள் குறையத்தான் குறைந்தது. பதினைந்து பேர் எட்டு ஜோடியாகவில்லை, ஐந்து ஜோடிதான் ஆனது. ஆனால் அந்த ஐந்து ஜோடி போட்ட படம் மொத்தம் பதினொன்று, எல்லாமே உண்மையான அடைப்பு. பூக்கட்டும் அக்கா ஒரு இடம் காட்டினார். அங்கே குழி இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது, ரோடு போட்டபோது தார் மூடியிருந்தது.

பதினொன்றுக்கும் ஒரு ஆப்பில் புகார் போட்டோம். எந்த ஆப், எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இந்தக் குணம் எல்லா இடத்திலும் இருக்கிறது. சிலது ஒரு வாரத்தில் சுத்தமானது, ஆட்கள் வந்து மண்ணை வாரிக் கொண்டுபோனார்கள். சந்தோஷம். இரண்டு புகார் மட்டும் ஒருவரும் வராமலே "முடிந்தது" என்று பச்சையாக மாறிவிட்டது. நம்ம தோசை அண்ணா நகரைத் தாண்டிவிட்டதா, பாடி மேம்பாலத்தில் நிற்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் போனில் தெரிகிறது. புகார் யார் மேசையில் இருக்கிறது என்று தெரியமாட்டேன் என்கிறது.

பழைய ஆட்டமாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எல்லாரும் "இவங்க இப்படித்தான்" என்று போனைப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். இப்போது மளிகைக் கடைச் சுவரில் அந்த இரண்டு குழியும் சிவப்பாகவே இருந்தன. ஆப்பில் பச்சை, சுவரில் சிவப்பு. பால் வாங்க வருகிற ஒவ்வொருவரும், "இது ஏன் இன்னும் சிவப்பு?" என்று கேட்டார்கள். தேதி போட்ட படத்தோடு திரும்பத் திரும்பப் புகார் போட்டோம், போன் பண்ணினோம். ஒன்று சரியானது. இன்னொன்று அந்த வருடம் சரியாகவே இல்லை.

அக்டோபர் நடுவில் பெருமழை. எங்கள் முனையில் தண்ணீர் சாயங்காலத்துக்குள் வடிந்தது. கீழ்த் தெருவில் வடியவில்லை. அங்கே வேறு காரணம், பெரிய கால்வாய்ச் சிக்கல். எங்கள் சார்ட் பேப்பரால் ஏரியைத் திருப்ப முடியாது. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை

முதலில் சொன்ன மூன்று கதைக்கு வருவோம். லண்டனில் மக்கள் தேடியது யாரை? தங்கள் பணத்தைச் செலவு செய்த எம்.பி.க்களை. அதிகாரம் மேலே இருக்கிறது, கண் கீழே இருந்து பார்க்கிறது. கிபேராவில் பிளாக் வைத்தவர் யார்? அந்த மைதானத்தில் நடக்கப்போகிறவரே. சென்னை வெள்ளத்தில் தெருவைத் தொட்டவர் யார்? அந்தத் தண்ணீரில் நின்றவர். எந்த இடத்திலும் விளையாட்டு, தன்னைவிடக் கீழே இருக்கிறவரை நோக்கி விரல் நீட்டவில்லை. என் பிங்கோ நீட்டியது.

இது என் தெருவோடு நிற்கிற விஷயமில்லை. "படம் எடு, அனுப்பு, பரிசு வாங்கு" என்று எந்த ஆப் வந்தாலும் கை சுலபமாகப் போவது பெரிய கம்பெனியின் கழிவுநீர்க் குழாய்க்கு அல்ல. அது சுவருக்குப் பின்னால் இருக்கும், வாட்ச்மேன் இருப்பார். கை போவது கீரைக்காரம்மா கூடைக்கு. கண்ணுக்கு முன்னால் இருப்பதும் திருப்பி எதுவும் செய்ய முடியாததும் அதுதான்.

நல்ல வடிவமைப்பும் உண்டு. தேர்தல் ஆணையம் 2018-ல் கொண்டுவந்த சி-விஜில் ஆப்பை எடுத்துக்கோங்க. தேர்தல் நேரத்தில் பணம், பரிசு கொடுப்பது மாதிரி விதிமீறலைக் கண்டால் அனுப்பலாம். போன் கேலரியிலிருந்து பழைய படத்தைப் போட முடியாது, அந்த இடத்தில் அப்போது எடுத்தால்தான் போகும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று அவர்களே தங்களுக்கு ஒரு கெடு வைத்துக்கொண்டார்கள். பாயின்ட்டே இல்லை, பாருங்க. கடிகாரம் குடிமகனுக்கு ஓடவில்லை, அதிகாரிக்கு ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

அதனால் நீங்கள் உங்கள் தெருவிலோ காலேஜிலோ அபார்ட்மென்ட்டிலோ இப்படி ஒன்று ஆரம்பித்தால், மூன்றே கேள்வி கேளுங்க. இந்த ஆட்டத்தில் படத்துக்குள் வரப்போகிறவர் யார், அவரும் ஆட முடியுமா? பாயின்ட் எதற்கு, அனுப்புவதற்கா, சரியாவதற்கா? ஆட்டம் முடிந்த பிறகு இந்தத் தகவல் எங்கே போகும்?

மூன்றாவதுக்கு ஒரு பதில் இருக்கிறது. பகுதி சபை. கிராமசபை மாதிரி நகரத்துக்கும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் இதன் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் கூட்டத்தில் கலந்துகொண்டார். வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரையும் உறுப்பினராக வைத்த அமைப்பு இது. ஓட்டு இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான், தனியாகச் சேர வேண்டியதில்லை. எங்கள் பகுதிக் கூட்டம் எப்போது என்று கேட்டு வைத்திருக்கிறோம். சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவதாகத் திட்டம். மீதி இருக்கிற அந்த ஒரு சிவப்புக் குழியை அங்கே, எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும். காட்டப்போவது நான் இல்லை, பூக்கட்டும் அக்கா. கண்டுபிடித்தது அவர்தானே.

இஸ்திரி அண்ணன் திரும்பி வந்துவிட்டார். சில வாரம் ஆனது. பூவரச மரம், கரிப்பெட்டி, ரேடியோ எல்லாம் பழையபடி. அந்தப் பையனின் சட்டையையும் தேய்க்கிறார். ஆனால் ஒரு மாற்றம் இருக்கிறது. தெருமுனையில் யாராவது போனைத் தூக்கினால், செல்ஃபிக்காக இருந்தாலும், அவர் கை ஒரு நொடி நிற்கும். "என்னையா எடுக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், பாயின்ட் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் நாள் முழுக்க நிற்கிற ஒருவரிடம் போய், "அண்ணா, மழை வந்தா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்க. போனை வெளியே எடுக்காமல் கேளுங்க. என்ன சொன்னார் என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.